கட்டில் தின்னும் கால்கள்



இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கால். முதியவர்களின் கால், அதிலும் மருத்துவமனைக் கட்டிலில் நீட்டிக் கிடக்கும் கால். வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிப் படர்ந்த இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலை இன்று நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகளை வரவழைக்கும் சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. தனியார் நர்சிங் ஹோம்களை எண்ணி முடியாது. ஆனாலும் எந்த ஊர் மருத்துவமனையின் வாசலில் நின்று பார்த்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். எழுபது வயதில் காய்ச்சலோ, நெஞ்சுச் சளியோ, சர்க்கரைக் கோளாறோ என்று தம் காலால் நடந்து உள்ளே போனவர், பத்து நாள் கழித்துச் சக்கர நாற்காலியில் வெளியே வருகிறார். வந்த நோய் தீர்ந்திருக்கிறது. கால்தான் இல்லை. வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து திரும்பி வந்தால், அதை அவருடைய விதி என்றோ வயது என்றோ சொல்லிவிடுகிறோம். விதியையும் வயதையும் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, நடுவில் கழிந்த அந்தப் பத்து நாளை விசாரிப்போம் என்பதே என் வேண்டுகோள். விழுந்துவிடப் போகிறார் என்று பயந்து முதியவரைக் கட்டிலிலேயே கிடத்துவதுதான், பின்னால் அவரை விழவைக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. நான் சொல்ல வந்தது இவ்வளவே. இதற்கு என்ன சான்று, எதிராக என்ன சொல்லலாம், அவற்றுக்கு என்ன பதில் என்பதே மீதிப் பேச்சு.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. நாம் 'சதை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பண்டங்களைக் குறிக்கிறோம். 'கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்' என்றால் பெரும்பாலும் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று பொருள். கறிக்கடையில் 'நல்ல சதையாகப் போடுங்கள்' என்றால் அது தசை. இந்தக் குழப்பத்தின் மறைவில்தான் முதியவரின் தசை களவு போகிறது. வயிறும் இடுப்பும் அப்படியே இருக்க, தொடையும் பிட்டமும் கெண்டைக்காலும் உள்ளுக்குள் கரையும். எடை பார்க்கும் இயந்திரத்தில் முள் அசையாது. வீட்டார் 'உடம்பு இளைக்கவில்லையே' என்று நிம்மதியாக இருப்பார்கள். இந்தக் கரைவுக்கு மருத்துவத்திலேயே வெகுகாலம் பெயர் இல்லை. 1988இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க் என்ற சத்துணவு அறிஞர், இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு ஒரு பெயராவது வைத்தால்தான் யாராவது கவனிப்பார்கள் என்று கருதி, கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'சார்க்கோபீனியா' என்று பெயர் சூட்டினார். தசை வறுமை என்று தமிழாக்கலாம். அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி எண் கிடைக்க 2016 வரை ஆயிற்று. நம்மிடம் 'தள்ளாத வயது' என்ற தொடர் எப்போதோ இருந்தது. அதை வயதின் அடையாளமாகவே வைத்துக்கொண்டோம், தசையின் கணக்காக எண்ணிப் பார்க்கவில்லை.

விழுவது என்றால் என்ன? தடுக்குவது வேறு, விழுவது வேறு. எல்லாரும் தடுக்குகிறோம். இளையவர் தடுக்கினால் மறுகால் கண்ணிமைக்கும் பொழுதில் முன்னே பாய்ந்து உடம்பைத் தாங்கிவிடுகிறது. தடுக்கியதே நினைவில் நிற்பதில்லை. அந்தப் பாய்ச்சலுக்குத் தொடையின் முன்தசை முழங்காலை நிமிர்த்த வேண்டும், இடுப்பின் பக்கத் தசை உடம்பைச் சாயாமல் பிடிக்க வேண்டும், கணுக்காலின் முன்தசை கட்டைவிரலை வாசற்படிக்கு மேலே தூக்க வேண்டும். இவை எல்லாம் வேகமாக நடக்க வேண்டும். தசைக்குள் வேகமாகச் சுருங்கும் இழை, நிதானமாகச் சுருங்கும் இழை என்று இரண்டு வகை உண்டு. வயதாகும்போது வேக இழைதான் அதிகம் மெலிகிறது. அதனால்தான் மெதுவாக நடக்கும்போது ஒரு குறையும் தெரியாத பெரியவர், தடுக்கிய கணத்தில் கைவிடப்படுகிறார். பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் அடி நேராக இடுப்பெலும்பில் இறங்கும். மெத்தை போல அங்கே இருக்க வேண்டிய பிட்டத் தசையும் கரைந்திருக்கும். உலகில் ஆண்டுதோறும் விழுந்து இறப்பவர்கள் ஏறத்தாழ 6,84,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். நம் மாநிலத்தைவிட முதியவர் விகிதம் கூடிய பெரிய மாநிலம் அப்போது கேரளம்தான்.

இனி கட்டிலுக்கு வருவோம். படுக்கை மருந்தல்ல, அதற்கும் பக்கவிளைவு உண்டு என்று ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1947இலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கவைத்து ஆராய்ந்தார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டு கழித்து மறுபடி சோதித்தபோது தெரிந்தது வியப்பான செய்தி: முப்பது ஆண்டு மூப்பு அவர்கள் உடல் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. அவர்களோ இளைஞர்கள், பயிற்சியில் மீண்டுவிட்டார்கள். முதியவர் கதை வேறு. 2007இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், நோய் எதுவும் இல்லாத, சராசரி அறுபத்தேழு வயதுள்ள பன்னிரண்டு பேர் பத்து நாள் படுத்தார்கள். இரு கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. முழங்காலை நிமிர்த்தும் வலிமையில் ஆறில் ஒரு பங்கு போயிற்று. கவனியுங்கள், இவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, கிருமி இல்லை, பசியின்மை இல்லை. அன்றாடத் தேவை என்று வகுக்கப்பட்ட அளவு புரதமும் தட்டில் இருந்தது. படுத்தது ஒன்றுதான் அவர்கள் செய்த குற்றம். இதோடு நோயின் வெப்பமும் அழற்சியும் வாய்க்கசப்பும் சேர்ந்தால், நிமோனியாவோடு படுத்திருக்கும் கிழவருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோ என்பது சின்ன எண்ணாகத் தோன்றுகிறதா? கசாப்புக்கடையில் ஒரு கிலோ எலும்பில்லாக் கறியை வாங்கி உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். அவ்வளவும் அவர் காலிலிருந்து போனது.

மருத்துவமனையில் முதியவர் உண்மையில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்? அமெரிக்காவில் 2009இல் வந்த ஓர் ஆய்வில், சேர்வதற்கு முன் நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களின் காலில் கருவியைக் கட்டி அளந்தார்கள். வார்டில் கழித்த நேரத்தில் 83 சதவீதம் படுக்கையில் போயிருந்தது. நிற்கவும் நடக்கவும் செய்தது நாளொன்றுக்கு முக்கால் மணிக்கும் குறைவு. நம் வார்டுகளில் கருவி கட்டத் தேவையில்லை, கண் போதும். ஒரு கையில் குளுக்கோஸ் ஏறுகிறது. அது இல்லாத நேரத்திலும் ஊசி கையில் செருகியபடியே இருக்கிறது. சிறுநீர்க் குழாய், கட்டிலோடு கட்டிய கயிறு போல ஆளை நிறுத்தி வைக்கிறது. தேவை தீர்ந்த பிறகும் அதைக் கழற்ற யாருக்கும் அவசரமில்லை. கட்டிலோ குள்ளமான நம் பாட்டிமாருக்குக் கால் தரையில் எட்டாத உயரம். பக்கத்தில் முக்காலி உண்டு. அதில் ஏறி இறங்குவதே ஒரு சாகசம். உட்கார நாற்காலி ஒன்று இருந்தால், அதில் உறவினர் உட்கார்ந்திருப்பார் அல்லது பையும் பிளாஸ்கும் உட்கார்ந்திருக்கும். 'இறங்காதீங்கம்மா, விழுந்துடுவீங்க' என்று நர்ஸ் சொல்கிறார். 'சும்மா படுங்கப்பா' என்று மகன் சொல்கிறார். இரண்டுமே அன்பில் பிறந்தவை. நம் பண்பாட்டில் நோயாளிக்குக் காட்டும் மரியாதையே அவரைப் படுக்கவிட்டுக் கால் பிடிப்பதுதான்.

அப்படிப் படுக்கவைத்தால் விழாமலாவது இருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. 2008 அக்டோபர் முதல், மருத்துவமனைக்குள் விழுந்து அடிபட்டால் அந்தக் கூடுதல் செலவைத் தர முடியாது என்று அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டுத் திட்டம் சொல்லிவிட்டது. மருத்துவமனைகள் மிரண்டன. நோயாளி எழுந்தால் அலறும் படுக்கை மணிகள் பெருகின. அந்த மணிகளை ஒரு மருத்துவமனையின் 16 வார்டுகளில் முறையாகச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள்: மணி அடித்தது, விழுவது குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் எச்சரிக்கைப் பலகை, தாழ்ந்த கட்டில், படுக்கை மணி, கழிப்பறையில் மேற்பார்வை என்று ஆறு ஏற்பாடுகளைக் கட்டாக அமல்படுத்திய பெரிய ஆய்வும் 2016இல் அதே முடிவைச் சொன்னது. இவை ஏன் தோற்றன என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கம் தருகிறார்கள். எனக்குத் தோன்றுவது, இவை எல்லாம் நோயாளியைச் சுற்றி வேலி கட்டின, நோயாளியின் காலை ஒன்றும் செய்யவில்லை என்பதே. விடியற்காலை நான்கு மணிக்கு சிறுநீர் முட்டினால் எந்த மனிதரும் இறங்கத்தான் செய்வார். நீர் பிரியும் மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்துவிட்டு இறங்காதே என்பது நடக்கிற காரியமா? இன்னொரு கணக்குப் பிழையும் இதில் இருக்கிறது. வார்டின் விழுகைப் பதிவேடு டிஸ்சார்ஜ் அன்று மூடப்படுகிறது. காலின் கணக்கு அன்று மூடப்படுவதில்லை. பத்து நாளும் விழாமல் வீடு போய்ப் பதினைந்தாம் நாள் விழுந்தவர், மருத்துவமனையின் ஏட்டில் வெற்றி, வீட்டில் தோல்வி. எந்த ஏட்டைப் பார்த்து நம் கொள்கையை வகுப்பது என்பதுதான் கேள்வி.

இங்கே விஷயம் அறிந்தவர்கள் ஒரு தடையை எழுப்புவார்கள். தசையின் அளவுக்கும் விழுவதற்கும் அவ்வளவு நேரான உறவு இல்லையே என்பார்கள். நியாயமான தடை, ஒதுக்கிவிடக் கூடாது. ஸ்கேன் எடுத்துத் தசையின் அளவை மட்டும் பார்த்தால் யார் விழுவார் என்று நன்றாகச் சொல்ல முடியவில்லை என்று பல பெரிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் பல ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்த வல்லுநர் குழு 2020இல், ஸ்கேனில் தெரியும் அளவை நம்புவதைவிடக் கைப்பிடியின் வலிமையான பிடிவலுவையும் நடைவேகத்தையும் நம்புங்கள் என்றே சொல்லியது. சார்க்கோபீனியாவை வரையறுக்கும் ஐரோப்பியக் குழுவும் 2010இல் அளவுக்குத் தந்திருந்த முதலிடத்தைப் பத்தே ஆண்டுக்குள் வலிமைக்கு மாற்றிக்கொண்டது. காரணம் புரியாததல்ல. மூப்பில் தசையின் எடை குறைவதைப் போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் வலிமை குறைகிறது; இருக்கிற தசைக்குள்ளும் கொழுப்பு புகுந்துகொள்கிறது; நரம்பின் கட்டளை தாமதமாக வருகிறது. இந்தத் தடை என் வாதத்தை உடைக்கவில்லை, திருத்துகிறது என்றே நினைக்கிறேன். அளவு என்பது கிடங்கில் இருக்கும் சரக்கு. வலிமை என்பது சந்தைக்கு வரும் சரக்கு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதில் ஒரு வசதியும் இருக்கிறது. இரண்டாவதை அளக்க ஸ்கேன் வேண்டாம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்பது ஆசிய வல்லுநர்கள் 2019இல் வகுத்த எல்லை. பிடிவலு ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போகக் கூடாது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சந்தேகிக்கலாம். தையல்காரரின் டேப் இல்லாத தெரு ஆம்பூரில் இருக்கிறதா? டேப்பும் இல்லையென்றால் ஜப்பானியர் ஒரு வழி சொல்கிறார்கள். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையமாக்கிக் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்துப் பார்ப்பது; வளையத்துக்குள் இடைவெளி தெரிந்தால் ஆபத்துக்குறி.

அடுத்த தடை இந்த ஊருக்கே உரியது. 'இதெல்லாம் நாற்காலி உத்தியோகக்காரருக்கு. எங்கள் உடம்பு உழைத்த உடம்பு' என்பது. ஈரத் தோலைத் தூக்கி டிரம்மில் போட்டவர், வழுக்கும் தரையில் நாள் முழுக்கக் கால் ஊன்றி நின்றவர் காலுக்கு என்ன குறை வரும்? வரும். தசை சேமிப்புக் கணக்கல்ல, தினக்கூலி. இன்று உழைத்தால் இன்றைக்கு உண்டு. ஐம்பத்தெட்டில் கம்பெனியை விட்டவுடன் திண்ணையில் அமர்ந்தவருக்கு, நாற்பதில் தூக்கிய மூட்டை உதவிக்கு வராது. இன்னொன்று, டேனரிக் காலம் மாறிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்ததும், இந்த வட்டாரம் தோலிலிருந்து காலணிக்குத் திரும்பியது. ஷூ கம்பெனிகள் பெண்களை வேலைக்கு அழைத்தன. அன்று பதினெட்டு இருபது வயதில் வேன் ஏறிப் போன பெண்களின் முதல் தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அது கண்ணும் விரலும் தோளும் செய்த உழைப்பு. தையல் இயந்திரத்தின் முன்னோ, வீட்டுத் தரையில் ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைத்துக்கொண்டோ எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் களைப்பு நிறைய வரும், தொடைக்கு வேலை வராது. உழைப்பும் பயிற்சியும் ஒன்றல்ல என்று சொல்வது கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தசைக்கு அனுதாபம் தெரியாது. 17 நாடுகளில், இந்தியாவும் உள்பட, ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பேரின் பிடிவலுவை அளந்த பெரிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. பிடிவலு ஒவ்வொரு ஐந்து கிலோ குறையும்போதும் சாவின் வாய்ப்பு 16 சதவீதம் கூடியது. ஏழை நாடுகளில், உடலுழைப்பு நிறைந்த நாடுகளில், பிடிவலு குறைவாகவே இருந்தது.

ஏன் குறைவு என்பதற்கு ஒரு பதில் நம் பிறப்பிலேயே இருக்கலாம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 1930களில் பிறந்தவர்களின் எடைக் குறிப்பேடுகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. பிறக்கும்போது எடை குறைந்திருந்தவர்களுக்கு அறுபது வயதைத் தாண்டியபோது பிடிவலுவும் குறைந்திருந்தது. தசை இழைகளின் எண்ணிக்கையில் பெரும்பகுதி கருவிலேயே நிர்ணயமாகிவிடுகிறது. வேலூருக்கும் அப்படி ஒரு ஏடு உண்டு. 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் வட்டாரக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைச் சி.எம்.சி. ஆராய்ச்சியாளர்கள் பதிந்து, வளர்ந்த பின்னும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் அதிகம் கேட்ட கேள்வி சர்க்கரை பற்றியது. அந்தக் குழந்தைகளில் மூத்தவர்கள் 2029இல் அறுபதைத் தொடுவார்கள். எடை குறைந்து பிறந்து, கொழுப்பு மிகுந்து தசை குறைந்து வளர்ந்து, சர்க்கரையோடு மூப்புக்குள் நுழையப்போகும் தலைமுறை அது. மேலைநாட்டு முதியவர் பத்து நாளில் ஒரு கிலோவை இழந்தால் அவருக்கு மிச்சம் இருக்கிறது. நம்மவருக்கு முதலே சிறிது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல் தசையைப் பற்றிப் பேச முடியாது. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 41 கிராம் அளவு புரதம் போதும் என்பது இந்தியப் பரிந்துரை. நோய்ப்பட்ட முதியவருக்கு அது 60 முதல் 75 கிராம் வரை வேண்டும் என்பது முதியோர் சத்துணவு வல்லுநர்களின் கருத்து. நம் நோயாளித் தட்டில் என்ன இருக்கிறது? கஞ்சி, பால், பிரெட், இட்லி, ரசம் சாதம். மூன்று வேளையும் அதையே பாதி பாதியாகச் சாப்பிட்டால் 25 கிராமைத் தாண்டுவது கடினம். காய்ச்சலில் முட்டை கூடாது, கறி சூடு, பருப்பு வாயு என்று ஒவ்வொன்றாக விலக்கி வைக்கிறோம். பிறகு ஆள் எழுந்ததும் காலுக்குத் தெம்பு வர ஆட்டுக்கால் பாயா வைத்துக் கொடுக்கிறோம். இந்த வட்டாரத்தில் பாயாவைக் குறை சொல்லத் துணிச்சல் வேண்டும், சுவையைச் சொல்லவில்லை. அதில் கரைந்து வருவது பெரும்பாலும் கொலாஜன். தோல் மண்டிக்காரருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. டேனரியில் குரோமியம் போய்ப் பற்றிக்கொள்ளும் பொருளும் அதே கொலாஜன்தான். தசைகட்டத் தேவையான அமினோ அமிலங்களில் டிரிப்டோபேன் அதில் இல்லவே இல்லை. மற்றவையும் போதிய விகிதத்தில் இல்லை. காலைக் குடித்தால் கால் வலுக்கும் என்பது உவமை. உடம்புக்கு உவமை தெரியாது. எலும்பை விட்டுக் கறியையும், இல்லாதவர் இரண்டு முட்டையையும், சைவர் கெட்டிப் பருப்பு, வேர்க்கடலை, தயிரையும் கொடுத்தால் பாயாவுக்கு மேல். சிறுநீரகத்துக்கு ஆகாதே என்று கேட்பீர்கள். சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்கு அது சரி; அவர்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. அந்தச் சிலருக்கான தடையைச் சர்க்கரை உள்ள எல்லாருக்கும் நாமே நீட்டிக்கொண்டோம் என்பதுதான் தவறு.

சரி, எழுப்பி நடக்கவைத்தால் மீளுமா? 1990இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஸ்பெயினின் பாம்ப்லோனா நகர மருத்துவமனை ஒன்றில், கடும் நோயோடு சேர்ந்த 370 பேரை, சராசரி வயது 87, இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு நாளுக்கு இரு வேளை, இருபது இருபது நிமிடம், நாற்காலியில் எழுந்து உட்கார்தல், கால் அழுத்தம், நடை. ஒரு வாரத்துக்கும் குறைவான பயிற்சிதான். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் வரும்போது இருந்த திறனை இழந்து வீடு போனார்கள். பயிற்சி பெற்றவர்கள் இழக்காமல் போனார்கள். பயிற்சியால் யாருக்கும் கேடு நேரவில்லை. 2019இல் வந்த இந்த முடிவைப் பார்த்து மேலைநாட்டார் வியந்தார்கள். வேலூர் வியக்க வேண்டியதில்லை. 1946இல் இங்கே வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு வேறொரு நல்ல தசையின் நாணை மாற்றித் தைத்தார். அறுவையோடு வேலை முடியவில்லை. இடம் மாறிய தசைக்குப் புது வேலையை வாரக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற மருத்துவர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்து, 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். தசைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்று இந்த ஊர் உலகத்துக்குக் காட்டி எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. மறுவாழ்வு என்பது முதுகெலும்பு முறிந்தவருக்கு மட்டும் என்று நாம் எல்லை போட்டுக்கொண்டோம். எழுபது வயதுக் காய்ச்சல்காரருக்கும் அது வேண்டும் என்பதே இப்போது சேர வேண்டிய வரி.

எனக்கு எதிரான மிக வலுவான சான்றை மறைக்கக் கூடாது. சிட்னியில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 340 முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வீட்டிலேயே தாமாகச் செய்யும் பயிற்சிகள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் நடமாட்டம் மேம்பட்டது. ஆனால் மற்றவர்களைவிட 43 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள். இதைப் பார்த்துப் 'படுக்கவிட்டதே சரி' என்று சொல்லத் தோன்றும். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். கால் போன பிறகு, துணையில்லாமல், அதிகம் நடமாடத் தொடங்கினால் விழுவது கூடும். அது எதிர்பார்க்க வேண்டியதே. பொதுவாகச் சமூகத்தில் வாழும் முதியவர்களிடம் பயிற்சி விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கண்ட உண்மை. ஆகவே சிட்னி சொல்வது இரண்டு: போக விட்டுப் பிறகு மீட்பதைவிட வார்டிலேயே போகாமல் காப்பது மேல், வீடு திரும்பிய முதல் சில வாரம் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும்.

ஆள் எங்கே என்பது கடைசித் தடை. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் நிற்கும் இரவில் யாரை யார் நடத்திச் செல்வது? நர்ஸ்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. ஆனால் மேலைநாட்டு வார்டுகளில் இல்லாத ஒருவர் நம் வார்டில் இருக்கிறார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மகளோ, மருமகளோ, பேரனோ. மருந்து வாங்கவும் ரத்த மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர்களை ஓடவைக்கிறோம். முதல் நாள் பத்து நிமிடம் செலவிட்டு, எப்படிப் பக்கத்தில் நிற்பது, இடுப்பில் எங்கே பிடிப்பது, எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்காரவைப்பது ஏன் என்று பிசியோதெரபிஸ்ட் காட்டிக்கொடுத்தால் அவர்களே போதும். நடக்கும்போது விழுந்துவிட்டால் மருத்துவமனை மீது புகார் வருமே என்ற அச்சமும் உண்மையானது. அதற்கு மருந்து ஒளிக்காமல் பேசுவது: இவரை எழுப்பினால் சிறு ஆபத்து உண்டு, எழுப்பாவிட்டால் பெரிய ஆபத்து உண்டு என்று சேர்க்கும் நாளிலேயே குடும்பத்திடம் சொல்லி, இரண்டையும் கேஸ் ஷீட்டில் எழுதுவது. எல்லாரையும் எழுப்பச் சொல்லவில்லை. மூச்சுத் திணறுபவர், ரத்த அழுத்தம் தாழ்ந்தவர், எலும்பு முறிந்து பொருத்தாதவர் படுத்தே இருக்கட்டும். படுக்கை என்பது மருத்துவர் காரணத்தோடும் நாள்கணக்கோடும் எழுதித் தரும் மருந்தாக இருக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

வீட்டிலும் தசைக்கு வேலை தரும் பழக்கங்களை நாமே கைவிட்டு வருகிறோம். தரையில் உட்கார்ந்து எழுவதைப் போன்ற தொடைப் பயிற்சி வேறில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பள்ளிவாசல்களில் ஐவேளைத் தொழுகையைத் தரையில் தொழும் பெரியவர், கடமையான பதினேழு ரக்அத்துகளிலேயே நாளுக்குப் பல முறை, நெற்றி தரையில் படும் சஜ்தாவிலிருந்து உடம்பைத் தூக்கி நிறுத்துகிறார். முழங்கால் வலிக்குப் போட்ட நாற்காலி தேவையானவருக்கு நியாயமானது. வலி விட்ட பிறகும் பழக்கத்தால் அதிலேயே தங்கிவிட்டவர் பிசியோதெரபிஸ்டைக் கேட்டுப் படிப்படியாகத் தரைக்குத் திரும்பலாம். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதை ஒவ்வொரு வீடும் தினமும் கண்ணால் பார்க்கலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் உண்டு. சிட்னி ஆய்வில் இல்லாத அந்தத் துணை ஆள், நம் அரசாங்கப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறார். ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் சர்க்கரை எண் இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, மாத்திரைகள் வேளைவாரியாக இருக்கின்றன. காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத வேண்டியது ஒரே வரி: சேர்ந்த அன்று ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி, போகும் அன்று எத்தனை வினாடி. அந்த இரண்டு எண்களுக்கும் இடைவெளி விரிந்திருந்தால், சீட்டின் ஒரு நகல் அன்று மாலையே அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த வாரமே அந்த வீட்டுக் கதவை ஒரு பிசியோதெரபிஸ்ட் தட்ட வேண்டும்.